காலி லோரியின் எடை

பாடாங் செராய் ஆலையில்
எடை மேடைக் கிராணி நான்.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்போது ஓர் எண்,
கொட்டிவிட்டு இறங்கும்போது ஓர் எண்.
கழித்து வருவதுதான் கணக்கு.
ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு
யாரும் எதுவும் சொல்ல முடியாது.
நாளைக்கு அறுபது தடவை செய்கிற வேலை.
வீட்டில் செய்யத் தோன்றவில்லை.

தனபாலன் படுத்தது தைப்பூசம் முடிந்த வாரம்.
சுவரைப் பார்த்து, ஒருக்களித்து.
காய்ச்சல் என்றேன் அவர் சூப்பர்வைசரிடம்.
ஒன்பதாம் நாள் பொய் தீர்ந்துபோனது.

குளிக்கச் சொன்னால் "ம்" என்பார்.
அந்த "ம்" எழுந்து போகாது.
மைலோ ஆறி ஆடை கட்டும்.
சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி நிற்பார்,
எந்தத் துளைக்கு எது என்று
யாரோ வந்து சொல்ல வேண்டும் போல.

மாமியார் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்.
பக்கத்து வீட்டு வசந்தமலர்
"வேலைக்குப் போனா எல்லாம் சரியாயிடும்" என்றாள்,
வேலைக்குப் போக முடியாதவரைப் பார்த்து.

ஓர் இரவு, இருட்டில், நிதானமாகக் கேட்டார்:
"நான் இல்லாட்டி வீட்டுக் கடனை
இன்சூரன்ஸ்காரன் கட்டிடுவான்ல?"
விடியும்வரை அவர் மணிக்கட்டை விடவில்லை நான்.
விடிந்ததும் கிளினிக்.

டாக்டர் நோர்லைலா கேட்டதற்கெல்லாம்
அவர் தரைக்குப் பதில் சொன்னார்.
பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார்:
"இதற்கு முன்னால், தூக்கமே வேண்டாம் என்று
இருந்த நாள்கள் உண்டா?"
இல்லை என்றேன்.
சந்தோஷமாக இருந்த நாள்கள்தான் உண்டு.
"எவ்வளவு சந்தோஷம்?"

தீபாவளிக்கு முந்தி,
ராத்திரி மூன்று மணிக்குச் சமையலறைக்கு
மஞ்சள் பெயிண்ட் அடித்தார்.
செண்டோல் விற்கக் கடனில் ஒரு வேன்.
அது ஓடுமுன்பே இன்னொரு வேன்.
ஆ ஹொங் கடையில் பதினொரு மீன்தொட்டி,
மீன் ஒன்றுகூட இல்லாமல்.
ஒரு வாக்கியம் இறங்குமுன்
அடுத்த வாக்கியம் முண்டியடித்து ஏறியது.
எஸ்டேட் மேனேஜரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு
ஆலை நடத்தக் கற்றுக்கொடுத்தார்.
இரண்டு மணி நேரம் படுப்பார்,
பசியாற எழும்போது முகம் கழுவிய பூப்போல இருக்கும்.

என்னை வாசலில் தூக்கிச் சுற்றினார்.
தாமான் முழுக்கப் பார்த்தது.
பதினாறு வருஷத்தில் முதல் தடவை.
அதையுமா நோய் என்று எழுதிக்கொடுப்பேன்?

எழுதிக்கொடுத்தேன்.
எடைச் சீட்டின் பின்பக்கம்.
கடை ரசீதுகளைத் தேதிப்படி அடுக்கி,
ஏறியது இடப்பக்கம், இறங்கியது வலப்பக்கம்.
பாதியில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.
"இரண்டும் ஒன்றுதான், புவான். பைபோலார்.
படுத்திருந்ததை மட்டும் சொல்லியிருந்தால்
வேறு மருந்து கொடுத்திருப்பேன்."

தமிழில் என்ன என்று பஸ்ஸில் தேடினேன்.
இருமுனையப் பிறழ்வு.
மாமியாரிடம் இதைச் சொன்னால்
இன்னொரு எலுமிச்சம்பழம் வரும்.

இப்போது ராத்திரிக்கு மாத்திரை,
ரத்தம் எடுக்கக் கூலிம்.
ஒரு வேனை பேங்க் இழுத்துப் போய்விட்டது.
மற்றது மழையில் நிற்கிறது.
சமையலறை இன்னும் மஞ்சள்தான்.
எனக்கு அந்த நிறம் பிடிக்கும்.
அதை யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று துணி மடிக்கையில்
ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார்.
என் கண் கடிகாரத்துக்கு ஓடியது.
ஏழு மணி. சாயங்காலம் ஏழு.
மனுஷன் பாடக்கூடிய நேரம்தான்.

"என்ன பாக்குற?"
"ஒண்ணுமில்ல. நாளைக்குப் பசியாற என்ன வேணும்?"

யோசித்தார்.
எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்று
உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ரொட்டி சானாய். ஒண்ணு போதும்."

அவர் குளிக்கப் போனதும்
அந்த எண்ணைச் சீட்டில் குறித்துவைத்தேன்.